எங்களுக்குப் பிறகும் நிலைக்கும் வீடு: திருத்திய சொந்த வீடா, மூத்தோர் வளாகமா, சேர்ந்து வாழும் வீடா?

எழுபதைக் கடந்த தாய் தந்தையரும், நாற்பதை நெருங்கும் மாற்றுத்திறனாளி மகனோ மகளோ ஒரே வீட்டில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இத்தனை ஆண்டுகள் மகனைத் தூக்கி உட்கார வைத்த தாய்க்கு இப்போது முழங்கால் வலி. வெளிவேலைகளைப் பார்த்துவந்த தந்தைக்குப் பார்வை குறைந்துவிட்டது. உதவி செய்தவர்களே உதவி தேவைப்படுகிறவர்களாக மாறும் இந்தக் கட்டத்தில்தான் வீட்டைப் பற்றிய கேள்வி எழுகிறது. இருக்கிற வீட்டையே திருத்தி ஆள் வைத்துக்கொள்வதா, கோவைப் பக்கம் பெருகியுள்ள மூத்தோர் குடியிருப்பு வளாகம் ஒன்றுக்குப் போய்விடுவதா, நாலைந்து பேர் சேர்ந்து வாழும் துணையுள்ள வீடொன்றில் பிள்ளையைச் சேர்ப்பதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக நிற்கும் இந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போது, இது சில வீடுகளின் தனிப்பட்ட சிக்கல் அன்று என்பது விளங்கும். ஆனால் முடிவு பெரும்பாலும் நிதானமாக எடுக்கப்படுவதில்லை. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் விடுமுறை முடிவதற்குள், யாரோ சொன்ன இடத்துக்கு முன்பணம் கட்டப்படுகிறது. அந்த அவசரம் வருவதற்கு முன்பே எடைபோட்டு வைத்துக்கொள்ளும்படி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோலாக நான் வைப்பது உரிமை. வீடு யாருடையது, பராமரிப்பு யாருடையது, இரண்டும் ஒரே கையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உணவும் மருந்தும் தருகிற அதே நிர்வாகம் வீட்டைவிட்டு வெளியேற்றவும் முடியும் என்றால், அங்கே வாழ்கிறவர் சாப்பாடு சரியில்லை என்று சொல்லக்கூடத் தயங்குவார். வீட்டில் தங்கும் உரிமையும், பராமரிப்பை யாரிடம் பெறுவது என்ற முடிவும் தனித்தனியாக இருந்தால், உதவியாளரை மாற்றலாம், வீடு மாற வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஐந்தாம் பிரிவில் சமூகத்தோடு வாழும் உரிமையைக் கூறி, குறிப்பிட்ட ஒரு வாழிட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற நோக்கில் அரசுக்குக் கடமையை விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பும் இதையே பேசுகிறது.

இரண்டாவதாக, உதவியாள் வராத நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆயா மூன்று நாள் திரும்பவில்லை என்றால், அந்த வீட்டில் இருப்பவரால் கழிவறைக்குப் போக முடியுமா, தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியுமா, கதவைத் திறக்க முடியுமா? கட்டட வடிவமைப்பின் தரம் அந்த மூன்று நாளில் தெரியும். நல்ல வடிவமைப்பு உதவியாளரின் தேவையை முழுதும் நீக்காவிட்டாலும், எந்தெந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதைக் குறைத்துவிடும்.

மற்றவை நான்கு: இரவில் அழைத்தால் எத்தனை நிமிடத்தில் யார் வருவார், மறதிநோயோ பக்கவாதமோ வந்து நிலை மாறினால் அதே இடத்தில் தொடர முடியுமா, செலவு ஆண்டுதோறும் எப்படி ஏறும், பிடிக்காவிட்டால் விலகும் வழி என்ன. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. போகும்போது திருமண வீட்டுக்குப் போவதுபோல் மகிழ்ச்சியாகப் போகிறோம். விலகுவதைப் பற்றி அப்போது பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறோம்.

## சொந்த வீட்டைத் திருத்தி வாழ்தல்

பெரும்பாலான முதியோர் விரும்புவது இதைத்தான். அக்கம்பக்கம், கோயில், பால்காரர், பழகிய மருந்துக்கடை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. உரிமை என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. ஆனால் நம் வீடுகள் கட்டப்பட்ட விதமே முதல் தடை.

வாசலிலிருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே போவதால், வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தைச் சாலையைவிட இரண்டடி, மூன்றடி உயர்த்திவிடுகிறார்கள். 2021-இல் வெளியான இந்திய அரசின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் ஏற்கும் சரிவு 1:12. அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம். இரண்டடி உயர வாசலுக்கு இருபத்துநான்கடி வேண்டும். நகர வீடுகளில் வாசலுக்கும் மதிலுக்கும் இடையே ஐந்தடி இருந்தாலே அதிகம். அந்த ஐந்தடிக்குள் செங்குத்தாகப் போடப்படும் சிமெண்ட் சரிவு இருசக்கர வண்டியை ஏற்றத்தான் பயன்படும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் தனியே ஏற முடியாது, இறங்கும்போது முன்னால் கவிழும் ஆபத்தும் உண்டு. பக்கச் சந்தில் நீளவாக்கில் சாய்தளத்தைக் கொண்டுபோய், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, பின்கதவு வழியாக உள்ளே நுழைவது பல வீடுகளில் சாத்தியமாகும் தீர்வு. அதற்கும் இடமில்லை என்றால் செங்குத்தாக ஏறி இறங்கும் சிறு மின்மேடை ஒன்றுதான் வழி. அதன் விலையோடு ஆண்டுப் பராமரிப்பையும் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது நிலைவாசற்படி. மஞ்சள் குங்குமம் வைக்கும் படியை வெட்டி எடுக்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். ஒப்ப வேண்டிய அவசியமும் இல்லை. படியின் இருபுறமும் மரத்தாலான சிறு சரிவுத் துண்டுகளைப் பொருத்தினால் படியும் இருக்கும், சக்கரமும் ஏறும். உள்ளறைகளின் வாசற்படிகளை மட்டும் தயங்காமல் எடுத்துவிடலாம்.

அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் குளியலறை. சாதாரணச் சக்கர நாற்காலியே இருபத்தைந்து, இருபத்தாறு அங்குல அகலம் உடையது; நம் குளியலறைகளுக்குப் போடப்படும் இரண்டரையடி நிலைக்குள் சட்டமும் கதவும் போக மிஞ்சும் இடம் அதற்குப் போதாது. கதவு திறந்தபின் 90 செ.மீ. வழி கிடைக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். உள்பக்கமாகத் திறக்கும் கதவு இன்னொரு தீங்கு: உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவதோ, சுவரோரம் நகரும் கதவு வைப்பதோ சில மணி நேர வேலை. பழைய வீடுகளில் கழிவறையும் குளியலறையும் அடுத்தடுத்துத் தனித்தனியாக இருக்கும். நடுச்சுவரை எடுத்தால் நாற்காலி திரும்புவதற்குத் தேவையான இடத்தை நெருங்கலாம். அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா என்று பொறியாளரிடம் காட்டாமல் இடிக்கக் கூடாது.

கைப்பிடி பொருத்தும்போது கவனிக்க வேண்டியது, அது சுவரின் டைல்ஸ் ஓட்டில் ஒட்டி நிற்கிறதா, செங்கல் சுவருக்குள் ஆழமாகப் பிடித்திருக்கிறதா என்பது. விழப்போகும் ஒருவரின் முழு எடையையும் அது தாங்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று நம்புவது ஆபத்து. கழிவறைப் பீடத்தின் உயரம் 45 முதல் 48 செ.மீ. இருந்தால் முழங்கால் தேய்ந்தவர் எழுந்திருக்க எளிது. வாளியில் மொண்டு குளிக்கும் நம் வழக்கத்தில் தரை முழுதும் ஈரமாகிவிடுவதால், வழுக்காத ஓடு, உட்கார்ந்து குளிக்க முதுகுச் சாய்வுள்ள நாற்காலி, கைக்கு எட்டும் குழாய்த் தூவி (ஹேண்ட் ஷவர்), நீர் ஒரே பக்கம் வடியும் சரிவு ஆகிய நான்கும் சேர்ந்தே செய்யப்பட வேண்டும். சிங்கப்பூரில் 2012 முதல் நடக்கும் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் கைப்பிடி, வழுக்காத் தரை, சிறு சரிவு ஆகியவற்றை அரசு பெரும் மானியத்தோடு பொருத்தித் தருகிறது. இங்கே நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்றாலும், எதை முதலில் செய்வது என்பதற்கு அந்தப் பட்டியல் நல்ல வழிகாட்டி.

தரைத்தளமா மாடியா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மின்தூக்கி நின்றால் மாடியில் இருப்பவர் சிறைப்படுகிறார். ஆனால் 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது தரைத்தளம்தான் மூழ்கியது; மாடியேற முடியாதவர்களுக்கு அந்த இரவு எப்படியிருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், நடக்க முடியாதவருக்கு மின்தூக்கியும் அதற்கு ஜெனரேட்டரும் உள்ள முதல் மாடியே பாதுகாப்பானது என்பது என் கருத்து. படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்றுப்படுக்கையோ, ஆக்சிஜன் கருவியோ பயன்படுத்துகிறவர்கள் எந்தத் தளத்தில் இருந்தாலும் அதற்கெனத் தனி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆள். முகவர் நிறுவனம் வழியாக வரும் உதவியாளர் ‘இருபத்துநான்கு மணி நேரப் பணி’ என்று எழுதிக்கொடுத்தாலும், எந்த மனிதரும் இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருக்க மாட்டார். இரவில் இரண்டு, மூன்று முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவருக்கு ஒருவர் போதாது. இரண்டு ஆள் என்றால் செலவு இரட்டிப்பு. அவர்களுக்கு உணவு, படுக்க இடம், முகவருக்குப் பதிவுக்கட்டணம், ஒருவர் போய் மற்றொருவர் வரும்வரை குடும்பத்தில் யாராவது எடுக்கும் விடுப்பு ஆகியவை மாதச் சம்பளத்துக்குள் தெரியாத செலவுகள். இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கும் வேலை பெரும்பாலும் ஒரு மகளின் தலையில் விழுகிறது. அவள் இழக்கும் ஊதியத்தை எந்தக் கணக்கும் எழுதுவதில்லை.

அரசுத் தரப்பில் சில உதவிகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. முதியோர் உதவி எண் 14567. நடமாட முடியாதவருக்கு மாதம் ஒருமுறை வரும் அந்த மருத்துவச் சந்திப்பு, அன்றாடப் பராமரிப்புக்கு ஈடாகாது. ஆனாலும் மருத்துவமனைக்கு ஆட்டோ வைத்துத் தூக்கிச்செல்லும் அலைச்சலைக் குறைக்கிறது.

துணைவரோ உடன்பிறந்தவரோ அருகில் இருந்து, பகல் உதவி மட்டும் போதுமான நிலையில் இருப்பவருக்கும், திருத்தம் செய்ய இடமுள்ள வீடு உடையவருக்கும் இதுவே சிறந்தது. தனியாளாக, இரவு உதவியும் தேவைப்படும் நிலையில், பிள்ளைகள் தொலைவில் இருந்து தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் நடத்துகிற வீட்டில் இது விரைவில் தளர்ந்துவிடும்.

## மூத்தோர் குடியிருப்பு வளாகம்

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலைப் பக்கமும் சென்னைப் புறநகரிலும் இத்தகைய வளாகங்கள் பல எழுந்துள்ளன. பொதுச் சமையற்கூடம், அவசர அழைப்பு மணி, செவிலியர், ஆம்புலன்ஸ், நடைபாதை, பஜனைக்கூடம் ஆகியவை பெரும்பாலும் உண்டு. சமைக்கும் சுமை நீங்குவது, குறிப்பாக அந்தச் சுமையை ஐம்பது ஆண்டு சுமந்த பெண்களுக்கு, பெரிய விடுதலை. ஒத்த வயதினரோடு பேச்சுத்துணை கிடைப்பதும் சிறிய நன்மை அன்று. இரவில் அழைத்தால் வர ஆள் இருக்கிறார் என்பதில் இது முதலிடம் பெறுகிறது.

கவனிக்க வேண்டியவை ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கின்றன. கிரயப்பத்திரமும் பிரிக்கப்படாத நிலப்பங்கும் கிடைக்கிறதா, நீண்டகாலக் குத்தகையா, திரும்பத் தரப்படும் வைப்புத்தொகையா என்பதைப் பொறுத்து உங்கள் நிலை முற்றிலும் மாறும். கிரயம் பெற்றிருந்தாலும், குறிப்பிட்ட வயதைக் கடந்தவருக்கே மறுவிற்பனை செய்யலாம் என்ற விதியால் வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது. விற்கும்போது நிர்வாகத்துக்கு மாற்றுக்கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு. வீடு பூட்டிக் கிடந்தாலும் மாதப் பராமரிப்புத் தொகை ஓடும். குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகை ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 இலட்சத்தைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். ஓய்வூதியம் ஏறும் வேகத்தைவிடப் பராமரிப்புத் தொகை ஏறும் வேகம் அதிகமானால், எண்பது வயதில் இடம் மாற வேண்டிய நிலை வரும். ஆகவே உயர்வுக்கு வரம்பு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஓய்வுக்கால வீடுகளுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுமான நிறுவனம், சேவை வழங்குவோர், வீடு பெறுவோர் ஆகிய மூவருக்கிடையே ஒப்பந்தம் வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன. வீட்டையும் சேவையையும் பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறை சரியானது. சேவை நிறுவனத்தை மாற்றும் அதிகாரம் குடியிருப்போருக்கு உண்டா என்று அந்த ஒப்பந்தத்தில் தேட வேண்டும். சிங்கப்பூரில் 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் அறிமுகமான சமூகப் பராமரிப்பு வீடுகளில், 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டை வீவகவிடம் வாங்குகிறார்கள். கட்டாயமான அடிப்படைச் சேவையைத் தருவது வேறொரு அமைப்பு. அங்கும் சேவைச்செலவு விருப்பத்துக்கு விடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் வீட்டைத் தருகிறவரும் கஞ்சி தருகிறவரும் ஒருவரல்லர்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையோடு போகும் பெற்றோர் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். ஐம்பத்தைந்து அல்லது அறுபது வயது என்ற குறைந்தபட்ச வரம்பு உள்ள வளாகத்தில், பெற்றோர் இருக்கும்வரை உடன் தங்க அனுமதிக்கப்படும் நாற்பது வயது மகள், அவர்கள் காலத்துக்குப் பிறகு அங்கேயே வாழ முடியுமா? வீடு அவள் பெயருக்கு வாரிசுரிமையாக வந்தாலும், தங்கும் தகுதி வேறு, உடைமை வேறு என்று விதிகள் சொல்லலாம். வாய்மொழி உறுதி இங்கே எதற்கும் உதவாது. ‘மூத்தோருக்கானது’ என்று கட்டப்பட்ட கட்டடம் சக்கர நாற்காலிக்கு ஏற்றது என்றும் கருதிவிடக் கூடாது. காட்சி வீட்டைப் பார்க்கும்போது நாற்காலியோடு போய், குளியலறைக்குள் திருப்பிப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

மறதிநோய் வந்தால் தனிப் பிரிவுக்கு மாற்றப்படுவீர்களா, வெளியேறச் சொல்லப்படுவீர்களா, துணைவர் அதே வீட்டில் இருந்துகொண்டு இரு இடத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா என்பதும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை. நடமாட்டம் ஓரளவு இருக்கிற, சேமிப்பும் ஓய்வூதியமும் உள்ள, பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கிற தம்பதியருக்கு இது மிகவும் பொருந்தும். எழுபத்தைந்தைத் தாண்டியபின் போவதைவிட அறுபத்தெட்டில் போனால் நட்புகள் வேர்பிடிக்கும்.

## சேர்ந்து வாழும் துணையுள்ள வீடு

மூன்றில் இதுவே நம்மிடையே குறைவாக அறியப்பட்டது. என் மதிப்பீட்டில் அதிகம் வளர வேண்டியதும் இதுதான். ஊருக்கு வெளியே நூறு பேர் தங்கும் பெரிய கட்டடத்துக்கு மாறாக, தெருவில் உள்ள சாதாரண வீடொன்றில் நாலைந்து பேர் வாழ்கிறார்கள். அவர்களோடு ஒன்றிரண்டு உதவியாளர்கள். தமிழ்நாட்டில் இதற்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பு, 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற முயற்சியை முன்னெடுத்தது. ஆண்டுக்கணக்கில் மனநல மருத்துவமனையிலோ இல்லத்திலோ தங்கிவிட்டு, திரும்பிப் போகக் குடும்பம் இல்லாதவர்கள், ஊருக்குள் வாடகைக்கு எடுத்த வீடுகளில் சிறு குழுவாக வாழத் தொடங்கினார்கள். சமைப்பது, சந்தைக்குப் போவது, அக்கம்பக்கத்து விசேஷங்களுக்குப் போவது என்று அன்றாடம் அவர்கள் கைக்குத் திரும்பியது. பின்னர் அது கேரளம், மகாராட்டிரம், அசாம் ஆகிய மாநிலங்களுக்கும் சென்றது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, குடும்பமோ வீடோ இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் மனநல நிலையத்திலேயே தொடர்ந்து இருக்கக் கூடாது என்று சொல்லும் கொள்கைக்கு இது நடைமுறை உருவம்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உடையோருக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் குழு இல்லத் திட்டம் உண்டு. பெற்றோர் சிலர் ஒன்றுசேர்ந்து அறக்கட்டளை பதிவுசெய்து வீடு நடத்துவதும் உண்டு.

வடிவமைப்பில் இங்கே முதலில் கேட்க வேண்டியது ஒவ்வொருவருக்கும் தனியறையும் அதற்கு உள்ளிருந்து தாழிடும் வசதியும் இருக்கின்றனவா என்பது. அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கும் தாழ்கள் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. இருவர் ஓர் அறையில் தங்குவதானால் யாரோடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உதவியாளரின் அறை கூடத்தைக் கண்காணிக்கும் காவலறையாக இராமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு சாதாரண அறையாக இருக்க வேண்டும். சமையலறைக்குப் பூட்டுப் போடும் வீட்டைக் கண்டால் அங்கே பிள்ளையைச் சேர்க்கத் தயங்குங்கள். இரவு பசித்தால் ஒரு வாழைப்பழம் எடுத்துச் சாப்பிட முடியாத இடத்தை வீடு என்று சொல்ல முடியாது.

இதன் பலவீனங்களும் உண்மையானவை. வாடகைக்கு வீடு கொடுக்க உரிமையாளர்கள் தயங்குகிறார்கள்; கொடுத்தாலும் பதினோரு மாத ஒப்பந்தம். குளியலறையைத் திருத்த இலட்சக்கணக்கில் செலவிட்டபின் காலிசெய்யச் சொன்னால் அந்தப் பணம் போய்விடும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் பதிவையும் கோருகிறது. ஐந்தாண்டு போன்ற நீண்ட காலத்துக்கு எழுதி, திருத்தங்களுக்கு உரிமையாளரின் சம்மதத்தையும் அதிலேயே சேர்ப்பது நல்லது. ஒப்பந்தம் நடத்தும் அமைப்பின் பெயரில் மட்டும் இருந்தால், அங்கே வாழ்கிறவருக்கு எந்தப் பிடியும் இல்லை. இயன்றவரை குடியிருப்போர் பெயர்களும் இடம்பெற வேண்டும். நால்வரில் ஒருவர் விலகினால் மீதி மூவருக்கும் செலவு ஏறும். ஓர் உதவியாளர் நோய்வாய்ப்பட்டால் வீடே தடுமாறும். ஆகவே ஒரே ஊரில் இரண்டு, மூன்று வீடுகளை நடத்தி, ஆட்களை மாற்றிக்கொள்ளும் அமைப்புகளே நிலைத்து நிற்கும்.

அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, கடும் பாதிப்பு உடையோருக்கு மாதம் 2,000 ரூபாய், வாடகையில் ஒரு சிறு பங்குக்குத்தான் ஆகும். மீதியைக் குடும்பமோ நன்கொடையோ தர வேண்டும் என்பதே இந்த ஏற்பாடு பரவாமல் இருப்பதற்கான காரணம்.

## பெரிய இல்லம் எப்போது

மூக்குக்குழாய் உணவு, தொடர்ச்சியான செவிலியர் கவனிப்பு, முற்றிய மறதிநோய் ஆகிய நிலைகளில் மேலே சொன்ன மூன்றும் போதாமல் போகலாம். அப்போது செவிலியர் உள்ள இல்லமே பொருத்தம். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்னறிவிப்பின்றி மாலை வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பராமரிப்பவர் ஓய்வெடுக்க இரண்டு வாரம் தங்கவைப்பதற்கும் இவை உதவும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | திருத்திய சொந்த வீடு | மூத்தோர் வளாகம் | சேர்ந்து வாழும் வீடு |
|---|---|---|---|
| தங்கும் உரிமை | உறுதியானது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருந்தால் மட்டும் |
| உதவியாளரை மாற்றும் வழி | குடும்பத்தின் கையில் | நிர்வாகத்தின் கையில் | நடத்தும் அமைப்பும் குடியிருப்போரும் பேசி |
| இரவு உதவி | தனியாகச் செலவிட வேண்டும் | பெரும்பாலும் உண்டு | உடன் தங்குபவர் உண்டு |
| தொடக்கச் செலவு | திருத்தத்தின் அளவைப் பொறுத்து | மிக அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | மாற்று ஆள், உறவினரின் விடுப்பு | பூட்டிய வீட்டுக்கும் கட்டணம், மறுவிற்பனைத் தடை | ஒருவர் விலகினால் பங்கு உயர்வு |
| நிலை முற்றினால் | இரண்டாம் ஆள் தேவை | வேறு பிரிவுக்கு மாற நேரலாம் | ஓரளவு வரை தொடரலாம் |
| அறுபதுக்குக் கீழான மாற்றுத்திறனாளிக்கு | பெற்றோர் உள்ளவரை எளிது | பெரும்பாலும் பொருந்தாது | மிகப் பொருத்தம் |

## தாயும் மகனும் ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்கு என் பரிந்துரை, இருவரையும் ஒரே தீர்வுக்குள் அடக்க முயலாதீர்கள் என்பது. இருவரும் ஒன்றாக ஒரு வளாகத்துக்குப் போனால், தாய் மறையும் நாளில் மகன் தாயையும் வீட்டையும் ஒரே வாரத்தில் இழக்க நேரும். அதற்கு மாறாக, தாய் திருத்திய சொந்த வீட்டில் இருக்க, அதே ஊரில், ஆட்டோவில் போய்வரும் தூரத்தில், மகன் சேர்ந்து வாழும் வீட்டுக்குப் படிப்படியாகப் பழகட்டும். முதலில் ஒரு பகல், பிறகு வார இறுதி, பிறகு வாரத்தில் நான்கு நாள். தன் கட்டில், தன் தட்டு, பழகிய குளியல் நாற்காலி முன்னதாகவே அங்கே போய்விட வேண்டும். எதைச் சொன்னால் அவன் பதறுவான், மாத்திரையை எதில் கலந்தால் விழுங்குவான், வலி என்பதை எந்தச் சைகையால் காட்டுவான் என்பவற்றைத் தாய்தான் அறிவார்; புதிய உதவியாளருக்கு அதை அவர் நேரில் காட்டிக்கொடுக்கும் காலம் இது. பேச முடியாவிட்டாலும் அவனுக்கு விருப்பு வெறுப்பு உண்டு: போகும்போது உணவைத் தள்ளுகிறானா, திரும்பும்போது தூங்குகிறானா என்பதைக் கவனித்து வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

பத்திரங்களையும் இதே காலத்தில் முடித்துவிட வேண்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலருக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டை உறவினர் ஒருவருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்து, ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று நம்பிவிடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், தாயைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால்தான் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் கைமாற்றத்தைச் செல்லாததாக்கக் கோர வலுவான வழி இருக்கும். அந்தப் பிரிவு காப்பது மூத்தவரைத்தான். மகனுக்காக, வீட்டையும் வைப்புத்தொகையையும் ஒரு தனிப்பட்ட அறக்கட்டளையில் வைத்து, அதன் வருவாய் அவனுடைய வாடகைக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் போகும்படி எழுதலாம். அறங்காவலர்கள் இருவராவது இருக்கட்டும். அவர்களில் ஒருவர் மகன் வாழும் வீட்டை நடத்தும் அமைப்பைச் சேராதவராக இருக்கட்டும்.